பைக்கின் பின்சக்கரத்தில் கார் டயர்: முடியாத ஒரு வழக்கின் நிலவரம்

நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட கனமான பைக்குகளின் பின்சக்கரத்தில் கார் டயரை மாட்டி ஓட்டலாமா? பார்வைக்குச் சிறிய கேள்வி. ஆனாலும் பைக் ஓட்டுபவர்கள், டயர் நிறுவனங்கள், பொறியாளர்கள், சட்டம் என நான்கு தரப்பும் இதற்குத் தனித்தனியே பதில் சொல்லி வருகின்றன. எந்தப் பதிலும் மற்றவர்களை முழுமையாக ஒப்புக்கொள்ள வைத்ததில்லை. மாட்டியவர்கள் தாங்கள் ஓடி முடித்த தூரத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். டயர் நிறுவனங்கள் ஒரே குரலில் வேண்டாம் என்கின்றன. சட்டமோ பாதுகாப்பைவிட, பதிவுச் சான்றில் உள்ளபடி வண்டி இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்கிறது.

விருதுநகர் மாவட்டத்தின் அச்சங்குளம், ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டைப் பக்கம் ஹோண்டா கோல்டுவிங் போன்ற கனமான வண்டிகள் அபூர்வம். வேலைக்கும் சந்தைக்கும் ஓடுபவை நூறு, நூற்றைம்பது சிசி பைக்குகளும் டிவிஎஸ் எக்ஸ்எல்லும்தான். ஆனால் ஒரு வண்டிக்குச் செய்த டயரை இன்னொரு வண்டியில் மாட்டுவது இந்தக் கரிசல் சீமைக்குப் புதிதல்ல. அந்தப் பழைய அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால், பைக்கில் கார் டயர் என்ற வாதத்தில் எது வலுவானது, எது வலுவிழந்தது என்பது இன்னும் தெளிவாகத் தெரியும்.

மாற்று டயரின் பழைய வரலாறு

காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இல் காப்புரிமை பெற்றார். அது வழக்கத்துக்கு வரவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட்டில் ஜான் பாய்டு டன்லப் அதையே சைக்கிளுக்காக மீண்டும் உருவாக்கிய பிறகுதான் உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. டன்லப் நிறுவனம் 1936-இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் தொழிற்சாலை தொடங்கியது. மாட்டுவண்டிக்கான காற்று டயர்களும் இந்தியச் சந்தைக்கு வந்தன. அந்த டயருக்குச் செலவழிக்க முடியாத விவசாயி, கார், லாரிகளிலிருந்து கழற்றிப்போட்ட பழைய டயரை வாங்கி வண்டியில் மாட்டினார். தமிழ்நாட்டில் ‘டயர் வண்டி’ என்று ஒரு தனி இனமே உருவான கதை இதுதான்.

கரிசல் மண்ணில் இதற்கு வலுவான காரணம் இருந்தது. மழை பெய்தால் கரிசல் பிசினாகிவிடும். இரும்புப் பட்டை போட்ட குறுகலான சக்கரம் அதில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். அகலமான காற்று டயர் எடையைப் பரப்பி மேலேயே நிற்கும். தார்ச்சாலையையும் அது கிழிக்காது. 1970-களில் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி மாட்டுவண்டியைச் சீர்திருத்த வேண்டுமென்று நாடு முழுவதும் வாதாடியபோது, சக்கரம் அந்த வாதத்தின் மையப் பொருள்களில் ஒன்றாக இருந்தது.

கழித்துப்போட்ட கார் டயர் அங்கே பலன் தந்ததற்குக் காரணங்கள் உண்டு. மாட்டுவண்டி நடைவேகத்தில் போகிறது, டயர் சூடேறுவதில்லை. வண்டி சாய்ந்து திரும்புவதும் இல்லை. டயர் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அதைவிட மிக இலேசான வேலையைத்தான் அங்கே செய்தது. ஆகவே மாற்று டயர் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எடை, வேகம், சூடு, சாய்வு ஆகிய நான்கில் எது மாறுகிறது என்றே கேட்க வேண்டும்.

இடைப்பட்ட இன்னொரு உதாரணம் சைடுகார். பக்கத்தில் மூன்றாவது சக்கரம் பூட்டிய பைக் வளைவில் சாய்வதில்லை. காரைப் போலத் தட்டையாகவே திரும்புகிறது. ஐரோப்பாவில் சைடுகார் ஓட்டுபவர்கள் பின்சக்கரத்தில் கார் டயரை மாட்டுவது நெடுநாள் வழக்கம். அதைப் பெரிய குற்றமாக யாரும் சொல்வதில்லை. சாய்வு இல்லாத இடத்தில் எதிர்ப்பும் தணிந்துவிடுகிறது. விவாதம் சூடுபிடிப்பது இரண்டே சக்கரத்தில், சாய்ந்து திரும்பும் வண்டியில்தான்.

வட்டமும் தட்டையும்

பைக் டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருக்கும். கார் டயரின் வெளிப்பக்கம் தட்டை. இரண்டு ஓரங்களிலும் சட்டென மடிந்து பக்கச்சுவராக இறங்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம், இரு வண்டிகளும் திரும்பும் விதம். கார் திரும்பும்போது டயர் நிமிர்ந்தே இருக்கிறது. அது பார்க்கும் திசைக்கும் உருளும் திசைக்கும் இடையே சிறு கோணம் உண்டாகி, அதனால் பக்கவாட்டு விசை பிறக்கிறது. பைக்கில் அந்த விசையின் பெரும்பகுதி சாய்விலிருந்தே வருகிறது. வளைந்த டயர், சாய்த்து உருட்டிய கூம்பைப் போல, தானாகவே உள்பக்கம் திரும்பப் பார்க்கும்.

சாய்வு எவ்வளவு என்பதை எளிய கணக்கால் அறியலாம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் பைக் ஏறத்தாழ 14 பாகை சாய வேண்டும். அதே வளைவில் 60 கிலோமீட்டர் என்றால் 29 பாகைக்கு மேல். வேகம் ஒன்றரை மடங்கு ஏறும்போது சாய்வு இரண்டு மடங்காகிவிடுகிறது. வட்டமான டயருக்கு இது சிக்கலே இல்லை. சாயச் சாயத் தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீராக நகரும்.

தட்டையான டயரில் அந்த நகர்வு சீராக நடப்பதில்லை. சாய்வு தொடங்கியதுமே எடை உள்பக்க ஓரத்துக்கு ஓடுகிறது. அந்த ஓரம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால் வண்டியை நிமிர்த்தும் ஒரு முறுக்கு பிறக்கிறது. வளைவு முழுவதும் ஓட்டுபவர் ஹேண்டில்பாரை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கார் டயர் ஆதரவாளர்களும் இதை மறுப்பதில்லை. கொஞ்சம் பழகினால் கை அதற்கு இணங்கிவிடும் என்பது அவர்கள் பதில். நிலையான வேகத்தில், தெரிந்த வளைவில் அந்தப் பதில் பொருந்தக்கூடும். வளைவின் நடுவே திடீரென ஒரு மாடோ பள்ளமோ எதிர்ப்பட்டு, வண்டியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சட்டெனச் சாய்க்க வேண்டிய அந்த ஒரு நொடியில் பொருந்துமா என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

முதல் தரப்பு: மாட்டலாம்

ஆதரவாளர்களின் வாதம் பெரும்பாலும் ஹோண்டா கோல்டுவிங் போன்ற வண்டிகளைச் சுற்றியே வளர்ந்தது. 2001-இல் வந்த ஜிஎல்1800 மாதிரியின் பின்சக்கர டயர் அளவு 180/60 ஆர்16. அதன் வெளிவிட்டம் சுமார் 622 மில்லிமீட்டர். 195/55 ஆர்16 என்ற கார் டயரின் வெளிவிட்டம் சுமார் 621. நம் ஊரில் பலேனோ, ஐ20 கார்களின் உயர் வகைகளில் வரும் அளவு இது. ஸ்பீடோமீட்டர் கணக்குக்கூடப் பெரிதாகப் பிசகாது. இந்த எண் பொருத்தம்தான் முதலில் ஆசையைத் தூண்டியது.

அவர்களின் முதல் காரணம் தேய்மானம். நேரான நெடுஞ்சாலையிலேயே ஓடும் கனமான பைக்கில் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். நடுவில் பட்டன் அழிந்து ஒரு தட்டையான பட்டை விழுந்துவிடும். இரண்டு ஓரங்களிலும் ரப்பர் புதிது போலவே இருக்கும். பாதி ரப்பர் மீதமிருக்கும் டயரைத் தூக்கி எறிய வேண்டியிருக்கிறது. கார் டயர் முழு அகலத்திலும் தேய்வதால் பல மடங்கு தூரம் ஓடுகிறது என்பது ஓட்டியவர்கள் பலரும் சொல்லும் அனுபவம். எத்தனை மடங்கு என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஆனால் திசை ஒன்றே.

இரண்டாவது காரணம் சுமை. இந்தத் தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான்; இதற்குரிய கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. பழைய கோல்டுவிங் சுமார் 400 கிலோ. இருவர் ஏறினால் இன்னொரு 150, பெட்டிகளில் 30 என்று வைத்தால் 580 கிலோ. அதில் அறுபது சதவீதம் பின்சக்கரத்தில் இறங்கினால் 350 கிலோ. மேற்சொன்ன பைக் டயரின் சுமைக் குறியீடு 74, அதாவது அதிகபட்சம் 375 கிலோ. மிச்சமிருப்பது 25 கிலோதான். கார் டயரின் குறியீடு 87 என்றால் 545 கிலோ. காற்றைக் குறைத்து ஓட்டினால் அந்தத் தாங்குதிறனும் குறையும். அப்படியும் இடைவெளி பெரிது. ஒரு சிறிய காரின் ஒரு பின்சக்கரம் ஆள் ஏறிய பிறகு தாங்கும் எடையும் 300 கிலோவை ஒட்டியதுதான். ஆகவே பைக்கின் எடை கார் டயருக்கு அந்நியமானதல்ல.

மூன்றாவது, காற்று இறங்கினாலும் சில கிலோமீட்டர் ஓடக்கூடிய வலுத்த பக்கச்சுவர் கொண்ட கார் டயர்கள். பைக்கில் பின் டயர் திடீரெனக் காற்றிழப்பது உயிராபத்து. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியான அறிக்கையில், வண்டிக் கோளாறால் நேர்ந்தவை மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை பஞ்சராகிக் கட்டுப்பாடு இழந்தவை. இந்த முடிவு இரு பக்கமும் வெட்டும். பஞ்சரைத் தாங்கும் டயர் நல்லது என்பதற்கும் இது ஆதாரம்; டயர் கோளாறு மொத்த விபத்துகளில் சிறு பங்குதான் என்பதற்கும் இதுவே ஆதாரம்.

நான்காவதாக அவர்கள் சொல்வது, தரையைத் தொடும் பரப்பு பெரிது, ஆகவே பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பது. இந்த வாதம் பலவீனமானது. டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்த அளவுதான். 350 கிலோவுக்கு 41 பிஎஸ்ஐ காற்றில் அது சுமார் 120 சதுர சென்டிமீட்டர்; 32 பிஎஸ்ஐயில் சுமார் 155. கூடுவது கால் பங்குக்குச் சற்று அதிகம், அதுவும் காற்றைக் குறைத்ததால்தான். மேலும் பலமாகப் பிரேக் அடிக்கும்போது எடை முன்னே ஓடிவிடுகிறது. எடை மையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில், சக்கர இடைவெளி 1.7 மீட்டர் என்று கொண்டால், கடும் பிரேக்கில் வண்டி எடையின் கால் பங்குக்கு மேல் பின்னிலிருந்து முன்னுக்குப் போகிறது. அகலமான பின் டயர் மிகவும் தேவைப்படும் கணத்தில்தான் அதன் மேல் எடை மிகவும் குறைகிறது.

இரண்டாம் தரப்பு: கூடாது

டயர் நிறுவனங்களும் பைக் நிறுவனங்களும் இதற்கு எதிராக நிற்கின்றன. தங்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவே எச்சரிக்கிறார்கள் என்று ஆதரவாளர்கள் குற்றம் சாட்டுவதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அவர்கள் எழுப்பும் பொறியியல் காரணங்களை அதனாலேயே ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது, டயரும் ரிம்மும் சேரும் இடம். டயரின் உள்விளிம்புக்குள் எஃகுக் கம்பி வளையம் ஓடுகிறது. அது ரிம்மின் படியில் ஏறி இறுக உட்கார்ந்தால்தான் டியூப்லெஸ் டயரில் காற்று நிற்கும். கார் ரிம்மின் படியும் பைக் ரிம்மின் படியும் தனித்தனித் தர அளவுகளின்படி செய்யப்படுபவை. இரண்டிலும் ‘16 அங்குலம்’ என்று எழுதியிருந்தாலும் உட்காரும் விதம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பஞ்சர் கடையில் டயர் ஏற்றும்போது கம்ப்ரஸர் காற்று ஏற ஏற, ஒரு பக்கம் ‘டப்’ என்று உட்காரும், பிறகு மறுபக்கம் ‘டப்’ என்னும். அந்த இரண்டு சத்தமும் வந்தால்தான் மெக்கானிக் கையை எடுப்பார். வழக்கமாகக் கார் டயரை உட்கார வைக்க 40 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது என்பது டயர்த் தொழிலின் பொது எச்சரிக்கை. பைக் ரிம்மில் கார் டயர் ஏற மறுக்கும்போது அந்த வரம்பைத் தாண்டத் தோன்றும். அப்போது கம்பி அறுந்தால் டயர் வெடித்து, பக்கத்தில் நிற்பவரின் கையும் முகமும் போகும். அறுபடாமல் அரைகுறையாக நைந்தால் ஆபத்து பின்னாளில் சாலையில் காத்திருக்கும்.

இரண்டாவது, அகலம். கார் டயருக்கு எவ்வளவு அகல ரிம் பொருந்தும் என்று ஒரு எல்லை வரையறுக்கப்பட்டிருக்கிறது. பைக் ரிம்கள் பெரும்பாலும் அதைவிடக் குறுகல். குறுகிய ரிம்மில் ஏற்றினால் பக்கச்சுவர்கள் உள்ளே இழுக்கப்பட்டு, தட்டையான முகம் சற்றே புடைக்கும். அது நல்லதுக்கே, வட்டமாகிறது என்பார்கள் ஆதரவாளர்கள். வடிவமைக்காத நிலையில் பக்கச்சுவர் வேலை செய்கிறது என்பார்கள் எதிர்ப்பவர்கள். இரண்டு கூற்றும் உண்மையாக இருக்க வாய்ப்புண்டு.

மூன்றாவது, தேங்கிய தண்ணீர். விமானச் சக்கரங்களை வைத்து நாசாவின் வால்டர் ஹார்ன் 1960-களில் வகுத்த சூத்திரத்தின்படி, டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 41 பிஎஸ்ஐயில் அது மணிக்குச் சுமார் 107 கிலோமீட்டர். 36 பிஎஸ்ஐயில் சுமார் 100. இது தோராயக் கணக்குதான். பட்டனின் ஆழமும் தொடுபரப்பின் வடிவமும் இதை மாற்றும். ஆனால் அந்த வடிவமும் பைக் டயருக்கே சாதகம். படகின் மூக்கைப் போலக் குறுகிய தொடுபரப்பு தண்ணீரை இருபுறமும் விலக்கும்; அகன்ற தட்டை முகம் தண்ணீர் மேல் ஏறப் பார்க்கும்.

நான்காவது, சான்றளிப்பு. ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குமுறைகளில் கார் டயருக்கு 30-ஆம் எண், பைக் டயருக்கு 75-ஆம் எண். இந்தியத் தர நிர்ணயத்திலும் கார் டயருக்கு ஐஎஸ் 15633, இரு, மூன்று சக்கர வாகன டயருக்கு ஐஎஸ் 15627 என்று தனித்தனித் தரங்கள். 2022-இல் மத்திய அரசு அறிவித்த ஈரப்பிடிப்பு, உருளும் தடை, சத்தம் பற்றிய விதிகள் கார், பஸ், லாரி டயர்களுக்கானவை. அந்தச் சோதனையில் தேறிய கார் டயர் காரின் கீழே, நிமிர்ந்த நிலையில் தேறியது. முப்பது பாகை சாய்வில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அந்தச் சான்று எதுவும் சொல்லாது.

மூன்றாம் தரப்பு: சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக, பதிவுச் சான்றில் உள்ளவை மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், இப்படி மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று வழி செய்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 95-ஆம் விதி டயரின் அளவையும் அடுக்கு மதிப்பையும் பற்றியது. 94-ஆம் விதி பட்டன் ஆழத்தைப் பற்றியது: இருசக்கர வாகனத்துக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர், காருக்கு 1.6.

டயரை மட்டும் மாற்றுவது 52-ஆம் பிரிவின் கீழ் ‘மாற்றியமைத்தல்’ ஆகுமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. தேய்ந்த டயரை மாற்றாமல் எந்த வண்டியும் ஓடாது. ஆனால் வேறு வகை வாகனத்துக்கென்று சான்று பெற்ற டயரை மாட்டுவது அதைவிட ஒரு படி தள்ளிப் போவது. விபத்து நேர்ந்து காப்பீடு கேட்கும்போது இந்த வேறுபாடு எழுப்பப்படக்கூடும். சட்டத் தரப்பின் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. அது ஆவணப் பொருத்தத்தைப் பார்க்கிறது. டயர் பாதுகாப்பானதா என்று நேரடியாகச் சோதிப்பதில்லை. சட்ட வரம்புவரை தேய்ந்த சரியான வகை டயர், சட்டப்படி தவறான புது டயரைவிட ஆபத்தாக இருக்க முடியும்.

நடுவே நிற்பவர்கள்

நான்காவது நிலை ஒன்று உண்டு. சாலையைப் பொறுத்து, வண்டியைப் பொறுத்து என்பார்கள் இவர்கள். நாளெல்லாம் நேர்ச்சாலையில் சுமையோடு போகும் கனமான வண்டிக்கு ஒரு பதில். மலைப்பாதையில் திளைக்கும் இலேசான வண்டிக்கு வேறு பதில்.

விருதுநகர் மாவட்டத்துக்குள் நின்றே இதைப் பொருத்திப் பார்க்கலாம். விருதுநகரிலிருந்து சாத்தூர் வழியாகக் கோவில்பட்டிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 நீண்டு நேராகக் கிடக்கும் நான்கு வழிச்சாலை. டயரின் நடுவை மட்டும் தேய்க்கும் சாலை இதுவே. இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்குப் போகும் 744-ஆம் எண் சாலையோ மலையேறியதும் வளைந்து வளைந்து போகிறது. மூன்றாவது வகை, வெம்பக்கோட்டை வட்டாரத்தின் உள்சாலைகள். கரிசல் மழையில் ஊதி வெயிலில் சுருங்கி வெடிக்கும் மண். அதன் மேல் போட்ட சாலை காலப்போக்கில் அலையலையாகிவிடும். கனரக வண்டிகள் ஓடிய தடம் நீளவாக்கில் பள்ளமாகும். தட்டையான டயர் அப்படிப்பட்ட தடத்தின் ஓரத்தில் ஏறும்போது வண்டியை இழுத்துத் தள்ளும் என்பது கார் டயர் ஓட்டியவர்களே ஒப்புக்கொள்ளும் குறை.

நடுநிலையின் சிக்கல் இதில்தான் இருக்கிறது. அச்சங்குளத்திலிருந்து கிளம்பும் ஒருவர் ஒரே நாளில் இந்த மூன்று சாலைகளையும் கடக்க முடியும். சாலை மாறும்போது டயரை மாற்ற முடியாது. ‘சாலையைப் பொறுத்து’ என்ற பதில் கோட்பாட்டில் நியாயமானது. நடைமுறையில் டயரை மிக மோசமான சாலைக்குத் தகவே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

வெயிலும் கணக்கில் சேர வேண்டும். காலையில் 30 பாகையில் 36 பிஎஸ்ஐ அடித்த டயர் உள்ளே 60 பாகைக்குச் சூடேறினால் அழுத்தம் சுமார் 5 பிஎஸ்ஐ கூடும். தன் வரம்பை ஒட்டிச் சுமை தாங்கும் பைக் டயருக்கு இந்தச் சூடு எதிரி; சுமையில் நிறைய இடைவெளி உள்ள கார் டயருக்கு அவ்வளவு தொல்லை இல்லை. சித்திரை வெயில் ஆதரவாளர்கள் பக்கம் பேசுகிறது. ஐப்பசி மழை எதிர்ப்பவர்கள் பக்கம் பேசுகிறது.

இந்தியாவின் நடுத்தரப் பைக்குகளுக்கு இந்த விவாதம் முழுதாகப் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1955 முதல் சென்னையில் செய்யப்பட்டுவரும் ராயல் என்ஃபீல்டின் வண்டிகளில் 2023-இல் வந்த சூப்பர் மீட்டியார் 650-க்கு 16 அங்குல அகலப் பின்சக்கரம் உண்டு. அதன் எடை 241 கிலோ. கிளாசிக் 350-இன் 18 அங்குலக் குறுகிய பின்சக்கரத்துக்கு ஏற்ற கார் டயரே கிடையாது. கோல்டுவிங்கில் சுமை வாதத்துக்கு இருந்த வலு, அதைவிட நூற்றைம்பது கிலோ குறைந்த வண்டியில் பெருமளவு கரைந்துவிடுகிறது.

சான்றுகள் என்ன நிலையில் இருக்கின்றன

இத்தனை ஆண்டு விவாதத்தில் இரு தரப்பும் கையில் வைத்திருக்கும் சான்றுகள் மெலிந்தவை. ஓட்டியவர்களின் அனுபவம் உண்மையானது. ஆனால் அது வடிகட்டப்பட்டது. ஒத்துவந்தவர் தொடர்ந்து ஓட்டுகிறார், தொடர்ந்து பேசுகிறார். பயந்து கழற்றியவர் பேச்சை நிறுத்துகிறார். விழுந்தவரின் குரல் கேட்காமலே போகலாம். மேலும், டயரைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர் இயல்பாகவே நிதானமாக ஓட்டுபவராகவும் காற்றை அடிக்கடி பார்ப்பவராகவும் இருக்க வாய்ப்புண்டு. அவர் விழாமல் இருப்பதற்கு டயர் காரணமா, நிதானம் காரணமா என்று பிரிக்க முடியாது.

எதிர்ப்பவர்களின் சான்றும் முழுமையற்றது. கார் டயர் மாட்டிய பைக்குகள் அதிகம் விழுகின்றன என்று காட்டும் விபத்துப் புள்ளிவிவரத்தை அவர்கள் முன்வைப்பதில்லை. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். இந்தப் பெரும் துயரத்தின் அட்டவணைகளில் வாகன வகை உண்டு, சாலை வகை உண்டு, தலைக்கவசம் உண்டு. எந்த வகை டயர் என்ற பிரிவு இல்லை. எதைக் குறித்து வைக்கவில்லையோ, அதிலிருந்து பாடம் படிக்க வழியில்லை.

இத்தனைக்கும் அளந்து பார்க்கத் தேவையான வசதிகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. விபத்துத் தகவல்களைத் திரட்டும் தேசியத் தரவுத்தளத்தை உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்குப் பங்குண்டு. சென்னையில் எம்ஆர்எஃப்பும் மதுரையில் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவும் டயர் செய்கின்றன. ஒரே வண்டியில் இரு டயர்களையும் மாற்றி மாற்றி மாட்டி, ஈரத்திலும் காய்ந்த தரையிலும், சட்டென விலகும்போது சாய்வு எவ்வளவு நேரத்தில் மாறுகிறது, ஓட்டுபவர் கை எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது என்று அளந்தால், விவாதத்தின் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மதிப்பீடு

சுமையிலும் தேய்மானத்திலும் ஆதரவாளர்களின் வாதம், குறிப்பாக 400 கிலோ வண்டிகளைப் பொறுத்தவரை, நின்று பிடிக்கிறது. பைக் டயர்கள் அந்த எடைக்குத் தம் வரம்பின் விளிம்பில் வேலை செய்கின்றன என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் நல்லது. பெரிய தொடுபரப்பு, நல்ல பிரேக் என்ற வாதங்கள் கணக்கில் தேறவில்லை. எதிர்ப்பவர்கள் சொல்வதில் ரிம் பொருத்தமும் தண்ணீரில் மிதக்கும் ஆபத்தும் உறுதியான காரணங்கள். சாய்வு பற்றிய அச்சம் நியாயமானது; ஆனால் அதன் அளவு நிரூபிக்கப்படவில்லை. சட்டத்தின் பதில் தெளிவாகத் தெரிந்தாலும் அது வேறொரு கேள்விக்கான பதில்.

தீராமல் நிற்பது அவசரக் கணத்தில் வண்டி நடந்துகொள்ளும் விதம். டயர் நெடுநாள் நன்றாக ஓடுகிறது என்பதை ஆயிரம் பேர் சொன்னாலும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. அவசரம் அபூர்வமாகத்தான் வரும். அது வரும்போது முன் அனுபவம் கைகொடுப்பதற்கு நேரம் இருக்காது. அளக்கப்படாத ஆபத்தில் உயிர் பணயம் இருக்கும்போது, நிரூபிக்கும் பொறுப்பு மாற்றம் செய்பவர் மேல்தான் விழ வேண்டும். இன்றைய நிலையில், சாய்ந்து திரும்பும் இரண்டு சக்கர வண்டிக்குக் கார் டயரைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை.

எளிய ஓட்டுநருக்கு இந்த விவாதத்திலிருந்து கிடைப்பது வேறொன்று. கார் டயரை நோக்கி ஆட்களைத் தள்ளிய காரணங்கள் சுமை, தேய்மானம், செலவு ஆகிய மூன்றும். இவை மூன்றும் சாத்தூர்ச் சாலையில் இருவரோடு மூட்டையும் ஏற்றிப் போகும் நூறு சிசி வண்டிக்கும் உண்டு. டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் சுமைக் குறியீட்டைப் பார்ப்பது, சுமை ஏறும் நாளில் கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றைக் கூட்டுவது, நடுவில் பட்டை விழுந்த டயரை மழைக்காலத்துக்கு முன்பே மாற்றுவது ஆகியவற்றில் எந்தத் தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதிகச் சுமை தாங்கி, நெடுநாள் உழைத்து, வட்டமாகவே தேயும் பைக் டயர் கட்டுப்படியாகும் விலைக்கு வரும்வரை, கார் டயர் பற்றிய கேள்வி மீண்டும் மீண்டும் எழும். அதை நிறுத்தும் வழி எச்சரிக்கையைவிட நல்ல டயரிடமும், வெளிப்படையான சோதனை முடிவுகளிடமும்தான் இருக்கிறது.